பேடண்டும் பொன்னாடையும்

போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போய்வந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். எழுபது வயதைத் தாண்டியவனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் நினைத்த ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை என்று அர்த்தம். இருந்தாலும் கார் அனுப்பினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். குறை சொல்லக்கூடாது.

வாசலில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ். "இந்தக் கல்வியாண்டில் எங்கள் பேராசிரியர்களின் பேடண்டுகள்" என்று போட்டு, கீழே மூன்று இலக்கத்தில் ஓர் எண். நான் அப்படியே நின்றுவிட்டேன். முப்பத்து நான்கு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிலில் இருந்தவன் நான். என் பெயர் இருக்கிற பேடண்ட் ஒன்றே ஒன்று. இவர்கள் ஒரு வருஷத்தில் மூன்று இலக்கம்!

தாழ்வாரச் சுவரில் சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்று என் துறை. இ.சி.ஜி. சிக்னலிலிருந்து இரைச்சலை நீக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி என்று தலைப்பு. கூட வந்த இளம் பேராசிரியரின் பெயர் அதில் இருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். "தம்பி, கரண்ட்லேர்ந்து வர்ற ஐம்பது ஹெர்ட்ஸ் ஹம்மை எப்படி எடுக்கறீங்க? அது இதயத் துடிப்போட அலைவரிசைக்குள்ளேயே வந்து உட்காருமே. அதை வெட்டினா சிக்னலும் கொஞ்சம் சேதமாகுமே?" என்று கேட்டேன். இ.சி.ஜி. வேலையில் கைவைத்த எவரும் முதல் நாளே முட்டிக்கொள்கிற சுவர் அது.

அந்தப் பிள்ளை முகம் வெளுத்துப் போய், "அது வந்து சார்... டீம் ஒர்க் சார்" என்றார்.

மேடையில் எனக்குக் கொடுத்த பத்து நிமிஷத்தில் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன். "அந்த ஃபிளெக்ஸில் இன்னும் இரண்டு வரி சேருங்கள். இவற்றில் வழங்கப்பட்டவை எத்தனை, வேலை செய்பவை எத்தனை என்று போடுங்கள்." பின்வரிசைப் பையன்கள் கைதட்டினார்கள். முன்வரிசை தட்டவில்லை. விழா முடிந்தபோது என்னைத் திருப்பி அனுப்ப வேண்டிய கார் வேறெங்கோ போயிருந்தது. பொன்னாடையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேடண்ட், அதாவது காப்புரிமை, என்பது என்ன? நம் ஊரில் அதை டாக்டர் பட்டம் மாதிரி, பத்ம விருது மாதிரி நினைக்கிறார்கள். அது ஒரு பேரம். கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை ஊருக்கு முழுதாகச் சொல்ல வேண்டும். எப்படிச் செய்வது, எந்தப் பாகம் எங்கே, ஏன் என்று, அதே துறையில் இருக்கும் இன்னொருவர் படித்துவிட்டுத் தானே செய்து பார்க்கும் அளவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக அரசாங்கம், "சரி, 20 வருஷத்துக்கு உன் அனுமதியில்லாமல் வேறு எவரும் இதைச் செய்து விற்கக்கூடாது" என்று உரிமை தருகிறது. 20 வருஷம் முடிந்ததும் அது ஊர்ச் சொத்து. கொடுக்கல் வாங்கல், அவ்வளவுதான். கொடுக்கிற கையில் ஒன்றும் இல்லையென்றால் அது பேரமே இல்லை, ஏமாற்று.

கொடுக்கிற கையில் ஏதாவது இருந்தால் எப்படி இருக்கும்? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பெல் லேப்ஸில் ஹெரால்டு பிளாக் என்று ஒரு எஞ்ஜினியர். தொலைதூர டெலிஃபோன் லைனில் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ ஆம்ப்ளிஃபயர்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் ஒலியைச் சிதைக்கும். கடைசியில் பேசுவது புரியாது. பல வருஷம் அதோடு மல்லுக்கட்டினார். 1927 ஆகஸ்ட் 2 அன்று காலை, வேலைக்குப் போகும் வழியில், ஹட்சன் நதியைக் கடக்கும் படகில் அவருக்குப் பளிச்சென்று பட்டது. வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி, எதிர்த் திசையில் உள்ளேயே விட்டால் என்ன? ஒலிப் பெருக்கம் குறையும், ஆனால் கூடவே சிதைவும் குறையும். கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே படம் போட்டார். அதுதான் நெகட்டிவ் ஃபீட்பேக். இன்று உங்கள் வீட்டு டி.வி.யிலும் செல்ஃபோனிலும் காது கேட்கும் கருவியிலும் அது இருக்கிறது.

1928-ல் விண்ணப்பித்தார். பேடண்ட் கிடைத்தது 1937 டிசம்பரில். ஒன்பது வருஷம்! ஒலிப் பெருக்கத்துக்காகக் கட்டிய கருவியில் அதையே வேண்டுமென்று குறைப்பதா என்று யாரும் நம்பவில்லை. பிரிட்டிஷ் பேடண்ட் அலுவலகம் இதை, தானே ஓடிக்கொண்டிருக்கும் எந்திரம் செய்திருக்கிறேன் என்று வருகிறவர்களின் கேஸ் மாதிரிதான் நடத்தியது. அவர் விடாமல் கணக்குப் போட்டு, செய்து காட்டி, கேள்விக்குப் பதில் எழுதி வாங்கினார்.

இரண்டாவது ஆள் உங்களுக்குத் தெரிந்தவர்தான். ரே டால்பி. கேசட் காலத்தில் டெக்கில் "டால்பி" என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்குமே, அவரேதான். கேசட்டில் எம்.எஸ். பாட்டைப் போட்டால், தம்புரா ஆரம்பிப்பதற்கு முன்பே "ஸ்ஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல் கேட்கும். டேப்பின் சொந்தக் குரல் அது. டால்பி 1963 முதல் 1965 வரை ஐ.நா. சார்பில் ஆலோசகராக நம் இந்தியாவில்தான் இருந்தார். இங்கிருந்து திரும்பிய 1965-லேயே லண்டனில் கம்பெனி ஆரம்பித்தார்.

அவர் யோசனை எளிமையானது. ஒலி பலமாக இருக்கும்போது இரைச்சல் காதில் விழாது. மெல்லிய ஒலியில்தான் தொந்தரவு. ஆகவே பலமான ஒலியைத் தொடாதே. மெல்லிய ஒலியை மட்டும் பதிவு செய்யும்போது தூக்கி வை. திருப்பிப் போடும்போது அதே அளவு இறக்கு. பாட்டு பழைய நிலைக்கு வந்துவிடும், நடுவில் டேப் சேர்த்த இரைச்சல் மட்டும் கீழே போய்விடும். வீட்டுக் கேசட்டுக்கு வந்த டால்பி பி முறையில் கூர்மையான ஸ்வரங்களின் பகுதியில் இரைச்சல் சுமார் 10 டெசிபல் குறைந்தது. அவர் பெயரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பேடண்டுகள் உண்டு. அதை எடுத்துப் படித்தால் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது என்று நம்மைப் போன்றவர்களுக்குப் புரியும். பேரத்தில் தன் பங்கை அவர் கொடுத்திருக்கிறார்.

எண்ணிக்கை அதிகமாக இருந்தாலே பொய் என்று நான் சொல்லவில்லை. ஸ்டீரியோ ஒலிக்கு 1931-ல் விண்ணப்பம் போட்ட இங்கிலாந்துக்காரர் ஆலன் பிளம்லைன், 1942-ல் ராடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 38. பேடண்டுகள் 128. ஒவ்வொன்றையும் பற்றி அவரிடம் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பார். "டீம் ஒர்க்" என்றிருக்க மாட்டார்.

இப்போது நம் ஃபிளெக்ஸ் போர்டுக்கு வருவோம். அந்த எண் எப்படி வருகிறது?

பேடண்டுக்கு விண்ணப்பம் போட்டால், சாதாரணமாக 18 மாதம் கழித்து அது பேடண்ட் அலுவலகத்தின் இதழில் வெளியாகும். இதற்குப் பெயர் பிரசுரம். யாரும் இதை இன்னும் பரிசீலிக்கவே இல்லை. "இன்னார் இப்படி ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறார்" என்று ஊருக்குத் தெரிவிக்கிறார்கள், அவ்வளவே. அவசரமென்றால் படிவம் 9 போட்டு ஒரு மாதத்துக்குள் வெளியிட வைக்கலாம். கல்வி நிறுவனங்களுக்கு 2021-ல் அரசு கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி கொடுத்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். சீக்கிரம் வெளியிட 2,500 ரூபாய். ஆக மொத்தம் 4,100 ரூபாய் கட்டினால் "பேடண்ட் பப்ளிஷ்டு" என்று சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதுவரை ஒரு அதிகாரியும் படித்திருக்க வேண்டியதில்லை.

பரிசீலனை வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், தனியாகப் பணம் கட்ட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் கேட்கவில்லை என்றால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கணக்கு. முன்பு இந்தக் கெடு 48 மாதம், 2024-ல் 31 மாதமாகக் குறைத்தார்கள். பரிசீலனைக்கே போகாத விண்ணப்பம் சத்தமில்லாமல் செத்துப்போகும். சுவரில் மாட்டிய சட்டம் மட்டும் சாகாது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. டிசைன் பதிவு. ஒரு பொருளின் வெளித்தோற்றத்துக்கு மட்டும் தரும் உரிமை அது. ஒரு பெட்டி, மேலே ஒரு திரை, பக்கத்தில் இரண்டு பட்டன் என்று படம் வரைந்து, "செயற்கை நுண்ணறிவு இ.சி.ஜி. கருவி" என்று தலைப்புக் கொடுத்துப் பதிவு செய்துவிடலாம். பெட்டிக்குள் வெங்காயம் இருந்தாலும் சரி, சட்டத்துக்கு அக்கறை இல்லை, அது பார்ப்பது பெட்டியின் அழகை. பிரிட்டனில் டிசைன் பதிவு செய்யும்போது புதியதா என்றுகூடச் சோதிப்பதில்லை. அதைப் பதிவு செய்து, "யு.கே. பேடண்ட்" என்று இங்கே பெருமை அடிக்கிறார்கள். லண்டன் முத்திரை என்றால் நமக்கு இன்னும் ஒரு மயக்கம்.

ஏன் இப்படி? கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும்போது, வழங்கப்பட்ட பேடண்டுக்கு மதிப்பெண் உண்டு. வெறும் பிரசுரத்துக்கும் மதிப்பெண் உண்டு. கோழிக்கும் பரிசு, முட்டைக்கும் பரிசு என்றால், கூழாங்கல்லுக்கு வெள்ளையடித்துக் கொண்டுவருகிறவன் வராமல் இருப்பானா?

இதையெல்லாம் நான் வெளியில் நின்று கேள்விப்பட்டு எழுதவில்லை. என் அக்கா மகள் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இ.சி.இ. உதவிப் பேராசிரியை. நல்ல பெண். டிஜிட்டல் ஃபில்டர் பாடத்தைக் கரும்பலகையில் அவ்வளவு அழகாக நடத்துவாள், நானே கேட்டிருக்கிறேன். போன வருஷம் வீட்டுக்கு வந்தவள், "மாமா, இந்த வருஷம் ஒரு பேடண்டாவது காட்டலைன்னா இன்கிரிமென்ட் கிடையாதாம்" என்றாள். பிறகு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைக் காட்டினாள். பேடண்டில் கண்டுபிடிப்பாளர் பெயர் விற்பனைக்கு. ஆறு இடம். முதல் பெயருக்கு ஒரு விலை, கடைசிப் பெயருக்கு ஒரு விலை. பழைய டூரிங் கொட்டகையில் சேர், பெஞ்சு, தரை டிக்கெட் மாதிரி. தலைப்பை அவர்களே தருவார்களாம், உங்கள் துறைக்குப் பொருத்தமாக. என்ன கண்டுபிடித்தோம் என்பது பணம் கட்டிய பிறகுதான் நமக்கே தெரியவரும்!

நான் குதித்தேன். "இது திருட்டு. சட்டத்தில் 'உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர்' என்று இருக்கிறது. பொய்த் தகவல் கொடுத்து வாங்கின பேடண்டை ரத்து பண்ணலாம்னு சட்டமே சொல்லுது. உனக்கு வெட்கமாயில்லையா?" என்றெல்லாம் கத்தினேன்.

அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, ஹாலில் மாட்டியிருக்கும் என் பேடண்ட் சட்டத்தைப் பார்த்தாள். "மாமா, அதுல மூணு பேர் பேர் இருக்கே. மூணு பேரும் கண்டுபிடிச்சவங்கதானா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருந்தேன். மைக் செட்டுக்கான ஆம்ப்ளிஃபயர் செய்கிற கம்பெனி. கல்யாண மண்டபத்தில் மைக் திடீரென்று "கூ" என்று ஊளையிடுமே, அதை அடக்க ஒரு சர்க்யூட் செய்யச் சொன்னார்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மைக்குக்குள் திரும்பப் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி வருவதுதான் அந்த ஊளை. எந்த ஸ்வரத்தில் ஊளையிடுகிறதோ அதை மட்டும் வெட்டிவிட்டால் அடங்கிவிடும். அது உலகத்துக்கே தெரிந்ததுதான். சிக்கல் என்னவென்றால், இது ஊளையா, பாடகர் இழுக்கிற கார்வையா என்று சர்க்யூட்டுக்கு எப்படித் தெரியும்?

நானும் மேலாளரும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். எங்களோடு ஒரு டெக்னீஷியன் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அண்ணாச்சி. எட்டாவது வரைக்கும் படித்தவர். கம்பெனிக்கு வருமுன் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் சவுண்ட் சர்வீஸ் போனவர். ஒரு நாள் சோல்டர் வைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "சார், பாட்டு மூச்சு விடும். ஊளை மூச்சு விடாது. அது ஏறிக்கிட்டே போகும்."

அவ்வளவுதான். அதுதான் கண்டுபிடிப்பு. ஒரே ஸ்வரம் இடைவிடாமல், ஒரே சீராக வளர்ந்துகொண்டே போனால் அது ஊளை. நான் அதை சர்க்யூட்டாக்கினேன். ரிச்சி தெருவில் ஒப்-ஆம்ப் வாங்கி வந்து பலகையில் கட்டினோம். ஒரு கல்யாண மண்டபத்தில் சோதனை போட்டபோது நாகஸ்வரக்காரர் மூச்சே விடாத மாதிரி ஒரு நீண்ட கார்வை பிடித்தார். எங்கள் சர்க்யூட் அதை ஊளை என்று நினைத்து வெட்டிவிட்டது. வித்வான் எழுந்து வந்து எங்களை வெட்டாத குறை. அதற்கும் வழி சொன்னவர் அண்ணாச்சிதான். "நாயனத்துல ஒரு ஸ்வரத்துக்குப் பின்னாடி பத்து ஸ்வரம் சேர்ந்து வரும் சார். ஊளை ஒத்தையா வரும்." பாடப்புத்தகத்தில் ஹார்மோனிக்ஸ் என்று நான் படித்ததை அவர் காதால் படித்திருந்தார். மேல் ஸ்வரங்கள் கூட வருகிறதா என்று பார்க்கும் பகுதியையும் சேர்த்தோம். வேலை செய்தது.

விண்ணப்பத்தை மெட்ராஸ் கிளை அலுவலகத்தில் கொடுக்க நான்தான் தயார் செய்தேன். கண்டுபிடிப்பாளர் பெயர் எழுதும் இடத்தில், முதலில் நிர்வாக இயக்குநர், பிறகு மேலாளர், பிறகு நான். அண்ணாச்சி பெயரை எழுதட்டுமா என்று மேலாளரிடம் ஒரு தடவை கேட்டேன். "டெக்னீஷியன் பேரெல்லாம் போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. எனக்கு அப்போது பதவி உயர்வு வரவேண்டி இருந்தது.

நிர்வாக இயக்குநர் அந்த சர்க்யூட்டை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் பெயர் விற்கிறவனுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவன் பணத்துக்குப் பெயரைச் சேர்த்தான். நாங்கள் பதவிக்குப் பெயரைச் சேர்த்து, உழைத்தவர் பெயரை விட்டோம். பார்க்கப்போனால் நாங்கள் செய்ததுதான் பெரிய பாவம். அவன் விற்பது இல்லாத கண்டுபிடிப்பை. நாங்கள் எடுத்துக்கொண்டது இருந்த கண்டுபிடிப்பை.

சில வருஷத்தில் கம்பெனி புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டது, பேடண்ட் காலாவதியானது. ஒரு பைசா வருமானம் யாருக்கும் வரவில்லை. சட்டம் மட்டும் என் ஹாலில் முப்பது வருஷத்துக்கு மேல் தொங்கியது. வருகிற விருந்தினரிடம் நானே கை காட்டிச் சொல்லுவேன்.

இதைச் சொன்ன பிறகு மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் செய்தவனுக்குத்தான் அது எப்படி ஆரம்பிக்கிறது என்று தெரியும். "ஒரு பெயர்தானே" என்றுதான் ஆரம்பிக்கும்.

நண்பர்கள் சிலரிடம் பேசியபோது மூன்று சமாதானம் சொன்னார்கள்.

ஒன்று, "வெறும் காகிதம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?" நஷ்டம் உண்டு. 2024-ல் அரசு, ஒரே வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேடண்ட் வழங்கியதாகப் பெருமையோடு அறிவித்தது. அந்தப் பரிசோதகர்களின் மேசையில் உண்மையான விண்ணப்பமும் போலி விண்ணப்பமும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. கோயம்புத்தூரில் பம்ப் மோட்டாருக்கு உண்மையாகவே ஒரு கட்டுப்பாட்டுச் சர்க்யூட் செய்தவர், வெள்ளையடித்த கூழாங்கற்களுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் வகுப்பறையில். பணம் கொடுத்துப் பெயர் வாங்கிய ஆசிரியர், பிராஜெக்டைக் கடையில் வாங்கி வரும் மாணவனை எந்த வாயால் கண்டிப்பார்?

இரண்டு, "எண்ணிக்கை ஏறினால் நாட்டுக்குப் பெருமை." கேசட்டில் இரைச்சலும் சத்தம்தான். வால்யூமைத் திருப்பினால் அதுவும் ஏறும். அதனால் பாட்டு நன்றாகிவிடாது.

மூன்று, "உண்மையான பேடண்டால் மட்டும் என்ன கிடைத்துவிட்டது?" இதில் நியாயம் இருக்கிறது. எஃப்.எம். ரேடியோவைத் தந்த எட்வின் ஆம்ஸ்ட்ராங்குக்கு அதற்கான பேடண்டுகள் 1933-ல் கிடைத்தன. பெரிய கம்பெனிகளோடு வழக்காடியே நொந்து, 1954-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி விடாமல் நடத்தி, கடைசி வழக்கை ஜெயித்தது 1967-ல். நம் நாட்டில் முதன்முதலாக 1977-ல் சென்னையில் எஃப்.எம். வந்தபோது அதைக் கேட்ட நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நியாயம் லேசில் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அந்த அம்மாள் ஜெயித்ததே காகிதத்தில் இருந்த பெயர் உண்மையான பெயர் என்பதால்தான். காகிதத்தில் பொய்யை எழுதிவிட்டால், நியாயம் கேட்க ஓர் இடமும் மிச்சமில்லை.

என்ன செய்யலாம்? தரவரிசைக்காரர்கள் பிரசுரத்துக்குத் தரும் மதிப்பெண்ணை நாளைக்கே எடுக்கட்டும். வழங்கப்பட்டதற்கும், கண்டுபிடித்தவர் பத்து நிமிஷம் கரும்பலகையில் விளக்கிய பிறகு மதிப்பெண் தரட்டும். அது என் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. பேரன் பேத்தியைச் சேர்க்க கல்லூரி பார்க்கப் போகிறோம், விழாவுக்குப் போகிறோம். அங்கே இப்படி ஒரு போர்டைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நம்பர் என்ன? வெளியானதா, வழங்கப்பட்டதா? இதில் பெயர் இருக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள், எனக்குப் புரியும்படி இரண்டு வார்த்தை சொல்வாரா? நம்பர் கிடைத்தால் பேடண்ட் அலுவலக இணையதளத்தில் நீங்களே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். மரியாதையாகவே கேளுங்கள். பெரியவர்கள் கேட்டால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளமாட்டார்கள். அதிகபட்சம் கார் வராது.

அக்கா மகள் பெயர் வாங்கவில்லை. இன்கிரிமென்ட் நின்றது. வீட்டுக் கடனுக்கு இப்போது சனி ஞாயிறு டியூஷன் எடுக்கிறாள். போன வாரம் ஃபோனில், "நீங்க சொன்னதைக் கேட்டேன் மாமா, பரவாயில்லை" என்றாள். அந்தப் "பரவாயில்லை" எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அண்ணாச்சி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவர் மகன் வில்லிவாக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, பேடண்டின் நகலோடு போனேன். "தம்பி, இது உங்க அப்பா கண்டுபிடிச்சது" என்றேன்.

அவர் புரட்டிப் பார்த்தார். "இதுக்குப் பணம் ஏதாவது வருமா சார்?"

"வராது தம்பி."

"அப்பா பேரு எங்க இருக்கு?"

"இல்லை. நான்தான் எழுதாம விட்டேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஹாலில் இருந்த சட்டத்தைக் கழற்றி பரணில் போட்டுவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. வெள்ளையடிக்கச் சொல்லி வீட்டில் கேட்கிறார்கள். கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.